'ஸ்லோஹேண்ட்': துல்சா நடையில் ஒரு கிட்டார் ஆல்பம்

ஆங்கிலேய ராக், ப்ளூஸ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் என்றதும் நீளமான சோலோக்களை (தனி வாசிப்புகளை) எதிர்பார்த்து 'ஸ்லோஹேண்ட்' ஆல்பத்தைப் போடுகிறவர்களுக்கு முதல் தடவை சப்பென்றுதான் இருக்கும். கிரீம் குழுவில் அவர் வாசித்த ஆவேசமோ, 'லேலா' ஆல்பத்தின் கொந்தளிப்போ இதில் கிடையாது. சோலோக்கள் சின்னவை. பல இடங்களில் அவர் வாசிப்பதே தெரியாதபடி ஒதுங்கி நிற்கிறார். ஆனாலும் எழுபதுகளில் அவர் போட்ட ஆல்பங்களில் ப்ளூஸும் கன்ட்ரியும் ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் கலந்திருப்பது இதில்தான். அதற்குக் காரணம் அவருக்குப் பின்னால் இருந்த மூன்று துல்சாக்காரர்கள் என்பது என் உறுதியான எண்ணம். கிட்டார் வாசிக்கிறவர்கள் இந்த ஆல்பத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டால் போகவேண்டிய வரிசையும் அதுதான்: முதலில் தாளம், அப்புறம் ரிதம் கிட்டார், சோலோ கடைசியில்.

ஆல்பம் பதிவானது 1977 மே மாதம், லண்டனின் பார்ன்ஸ் பகுதியில் இருந்த ஒலிம்பிக் ஸ்டுடியோவில். தயாரிப்பாளர் க்ளின் ஜான்ஸ். ஆர்எஸ்ஓ இசைத்தட்டு நிறுவனம் அதே ஆண்டு நவம்பரில் வெளியிட்டது. ஒன்பது பாடல்கள், மொத்தம் நாற்பது நிமிடத்துக்குள். பாஸ் கிட்டார் கார்ல் ரேடில், டிரம்ஸ் ஜேமி ஓல்டேக்கர், கீபோர்டு டிக் சிம்ஸ். மூவரும் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள துல்சா நகரத்தின் வாத்தியக்காரர்கள். இரண்டாவது கிட்டார் ஜார்ஜ் டெரி. பின்குரல் மார்சி லெவியும் இவான் எலிமனும். சில பாடல்களில் மெல் காலின்ஸின் சாக்ஸஃபோன். இந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் 1974-லிருந்து கிளாப்டனோடு ஊர் ஊராகச் சுற்றியவர்கள். ரேடில் அதற்கும் முன்பே, 'லேலா' காலத்திலிருந்தே அவருடன் இருந்தவர்.

துல்சாவுக்கு என்ன விசேஷம்? 1934-ல் பாப் வில்ஸ் தன் டெக்சஸ் பிளேபாய்ஸ் குழுவோடு அந்த ஊரில் வந்து தங்கினார். கேவிஓஓ வானொலியிலும் கெய்ன்ஸ் பால்ரூம் நடன அரங்கிலும் அவர் வாசித்தது ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் வைத்துக்கொண்டு ஜாஸ் ஆட்டம் போடும் இசை. வெஸ்டர்ன் ஸ்விங் என்று அதற்குப் பெயர். அதே ஊரில் கிரீன்வுட் பகுதியில் கறுப்பினத்தவரின் ப்ளூஸும் ஜாஸும் வேரூன்றியிருந்தன. இரண்டையும் கேட்டு வளர்ந்த பையன்களுக்கு கன்ட்ரி தாளம் வேறு, ப்ளூஸ் தாளம் வேறு என்ற பிரிவினை கையில் ஏறவில்லை. பாடகர்களான லியான் ரஸ்ஸலும் ஜே. ஜே. கேலும் அந்த மண்ணில் வந்தவர்கள். கேல் எழுதிய 'ஆஃப்டர் மிட்நைட்' பாடலை கிளாப்டன் 1970-லேயே பதிவு செய்துவிட்டார். 'ஸ்லோஹேண்ட்' தொடங்குவதும் கேலின் 'கொக்கெய்ன்' பாடலோடுதான்.

துல்சா நடையை நம் தாள மொழியில் சொல்வது ஆங்கிலத்தில் சொல்வதைவிடச் சுலபம். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80-ல் வையுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் 'தகதிமி' என்று சதுஸ்ர நடையில் சொல்லி, 'த'விலும் 'தி'யிலும் மட்டும் கம்பியைத் தட்டுங்கள். இது நேர் எட்டு, ராக் இசையின் அடிப்படை. அடுத்து 'தகிட' என்று திஸ்ர நடையில் சொல்லி, 'த'விலும் 'ட'விலும் தட்டுங்கள். இது ஷஃபிள், சிகாகோ ப்ளூஸின் அடிப்படை. முதலாவதில் இரண்டாம் தட்டு சரிபாதியில் விழுகிறது, இரண்டாவதில் மூன்றில் இரண்டு பங்கில். துல்சாக்காரர்களின் இரண்டாம் தட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழும். பாட்டுக்குப் பாட்டு இடம் மாறும். ஒரே பாட்டில்கூட கிட்டார் நேருக்குப் பக்கத்திலும், டிரம்ஸின் ஹை-ஹாட் (காலால் இயக்கும் ஜோடிச் சிம்பல்) ஷஃபிளுக்குப் பக்கத்திலும் இருக்கலாம். அந்தச் சின்ன உரசல்தான் கேட்பவரின் தலையை ஆட்டவைக்கிறது.

கணினியில் டிரம் நிரலாக்கம் செய்கிறவர்கள், ஸ்விங் அளவு 50 என்றால் நேர், 66 என்றால் முழு ஷஃபிள் என்று கணக்கிடும் மென்பொருளில் 54 முதல் 58 வரை வைத்துப் பாருங்கள். எல்லா வாத்தியத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் மறுபடியும் இயந்திரமாகிவிடும். ஹை-ஹாட்டுக்கு 58 என்றால் கிட்டாருக்கு 53 போதும், பாஸை நேராகவே விடலாம். கையால் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வேகத்தில். மெட்ரோனோம் 100-ஐத் தாண்டியதும் வலது கை இறுகி, நடை தானாக நேர் எட்டுக்கோ முழு திஸ்ரத்துக்கோ ஓடிவிடும். மணிக்கட்டு இறுகுவது தெரிந்த உடனே வேகத்தைக் குறையுங்கள். சமாளித்துக்கொண்டு தொடர்ந்தால் அந்த இறுக்கமே பழகிவிடும்.

இந்த நடையை முழுதாகக் கேட்கவேண்டிய இடம் 'லே டவுன் சாலி'. கிளாப்டன், மார்சி லெவி, ஜார்ஜ் டெரி மூவரும் சேர்ந்து எழுதியது. சுருதி ஏ மேஜர்; ஏ, டி, இ என்ற மூன்றே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்). காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் இரண்டு கிட்டார்களும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று கால் வைக்காமல் பின்னிக்கொண்டு போவதைக் கவனியுங்கள். யாரும் ஆறு கம்பியையும் சேர்த்து வருடுவதில்லை.

இரண்டு பேர் சேர்ந்து இந்தப் பாணியைப் பழக ஒரு வழி சொல்கிறேன். முதல் ஆள் தடித்த கம்பிகளை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். ஐந்தாம் கம்பி திறந்தபடி ஏ, நாலாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) இ, அதே கம்பி நாலாம் ஃப்ரெட்டில் எஃப் ஷார்ப், மறுபடி இ. ஒவ்வொரு ஸ்வரமும் அரைத் தட்டு. உள்ளங்கையின் விளிம்பு பிரிட்ஜின் சேடில்கள் (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் துண்டுகள்) மேல் பாதியும் கம்பி மேல் பாதியுமாக இருக்கவேண்டும். 5 மி.மீ. முன்னால் நகர்ந்தால் 'டொக்' என்று செத்துவிடும், பின்னால் போனால் கம்பி நீளமாக ஒலித்து பாஸோடு மோதும். இரண்டாவது ஆள் நாலு, மூன்று, இரண்டாம் கம்பிகளை மட்டும் இரண்டாம் ஃப்ரெட்டில் பிடித்து, இரண்டாவது நாலாவது தட்டுகளில் 'சக்' என்று அடித்து உடனே இடது கையைத் தளர்த்தவேண்டும். விரல் கம்பியைத் தொட்டபடியே இருக்கட்டும், அழுத்தம் மட்டும் விடட்டும். விரலை முழுக்க எடுத்தால் திறந்த கம்பிகள் கிணுகிணுத்து நடையைக் கெடுக்கும். இருவருக்கும் ஒரு கட்டுப்பாடு: டிஸ்டார்ஷன் கூடாது. டிஸ்டார்ஷன் சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். இந்தப் பாணியின் உயிரே அந்த உயர வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இனி ஸ்வரங்கள். கிட்டார் கற்கும் எவரும் முதலில் பழகும் ப்ளூஸ் ஸ்கேல் ஏ மைனர் பென்டடானிக்: ஏ, சி, டி, இ, ஜி. ஏ-யை ஷட்ஜமாக வைத்தால் இது நம் சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். கன்ட்ரி கிட்டாரின் அடிப்படை ஏ மேஜர் பென்டடானிக்: ஏ, பி, சி ஷார்ப், இ, எஃப் ஷார்ப். அது மோகனம். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இரண்டும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று சொல்லவே வேண்டாம். ஒரே மூச்சில் இரண்டையும் பாட நம் இலக்கணம் விடாது. ப்ளூஸும் கன்ட்ரியும் கலக்கிற கிட்டார்க்காரர் செய்வது அதைத்தான், ஆனால் அதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. எந்த நேரத்தில் எந்த காந்தாரம் என்பதைக் கீழே போகும் கார்டு தீர்மானிக்கிறது.

ஏ கார்டு ஒலிக்கும்போது அந்தர காந்தாரமான சி ஷார்ப்தான் வீடு. சாதாரண காந்தாரமான சி-யைத் தொடலாம், அதில் நிற்கக்கூடாது. மூன்றாம் கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டைத் தொட்டு, உடனே ஆறாம் ஃப்ரெட்டில் அடுத்த விரலால் தட்டினால் சி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏறும். ப்ளூஸ்காரனின் அழுகையும் கன்ட்ரிக்காரனின் சிரிப்பும் அந்த ஒரு அசைவில் இருக்கின்றன. டி கார்டுக்கு மாறியதும் கணக்கு தலைகீழ். சி ஷார்ப் அங்கே டி-க்கு அரை ஸ்வரம் கீழே நின்று உரசும், சி-யோ டி கார்டின் ஏழாம் ஸ்வரமாகச் சுகமாக உட்காரும். ஆகவே டி வரும்போது சுத்த தன்யாசிக்குத் தாவலாம். புதிதாகக் கலக்க முயல்கிறவர்களின் சோலோ குழப்பமாகக் கேட்பது பெரும்பாலும் இதனால்தான்: கார்டு டி-க்குப் போனபின்னும் சி ஷார்ப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பயிற்சி எளிது. ஏ இரண்டு ஆவர்த்தம், டி இரண்டு ஆவர்த்தம் என்று பின்னணியை ஓடவிட்டு, சோலோவே வாசிக்காமல், கார்டு மாறும் தட்டில் சரியான காந்தாரத்தை மட்டும் ஒரே ஒரு தடவை வாசியுங்கள். அது தானாக வர ஆரம்பித்தபின் மற்ற ஸ்வரங்களைச் சேர்க்கலாம்.

கன்ட்ரி மணத்துக்கு இன்னொரு பெரிய கருவி பெடல் ஸ்டீல் கிட்டாரைப் போல ஒலிக்கும் 'பெண்ட்', அதாவது கம்பியைத் தள்ளிச் சுருதி ஏற்றுவது. பெடல் ஸ்டீலில் ஒரு கம்பியின் சுருதி மட்டும் நழுவி ஏறும், மற்றவை அசையாது. சாதாரணக் கிட்டாரில் அதை இப்படிக் கொண்டுவரலாம். முதல் இரண்டு கம்பிகளையும் பத்தாம் ஃப்ரெட்டில் சுண்டுவிரலால் படுக்கையாகப் பிடியுங்கள். மூன்றாம் கம்பியை ஒன்பதாம் ஃப்ரெட்டில் மோதிர விரலால் அழுத்தி, நடுவிரலைப் பின்னால் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒன்றாக மீட்டி, மூன்றாம் கம்பியை மட்டும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றுங்கள். இ மெதுவாக எஃப் ஷார்ப் ஆகும்போது டி மேஜர் முழுமையடையும். அதே பிடியை ஐந்து ஃப்ரெட் கீழே இறக்கினால் ஏ, பத்திலிருந்து இரண்டு ஃப்ரெட் மேலே ஏற்றினால் இ. ஒரே வடிவத்தில் பாட்டின் மூன்று கார்டுகளும் கிடைத்துவிடும்.

இதில் கெடுவது சுருதி. மூன்றாம் கம்பியை மேல்நோக்கித் தள்ளும்போது சுண்டுவிரலும் கூடவே நகர்ந்து இரண்டாம் கம்பியையும் கொஞ்சம் இழுத்துவிடும். ஏற்றியபின் மூன்று கம்பிகளையும் தனித்தனியே மீட்டி சரிபாருங்கள். விரல் சுத்தமாக இருந்தும் பிசிறடித்தால் குற்றவாளி ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை மின்கிட்டாரில் ஸ்ப்ரிங்குகளின் பிடியில் அசையும் 'மிதக்கும்' ட்ரெமலோ பிரிட்ஜ். ஒரு கம்பியின் இழுவை கூடும்போது பிரிட்ஜின் பின்பக்கம் லேசாகத் தூக்கிக்கொள்ளும், அதனால் மற்ற கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கும். கிளாப்டன் தன் 'பிளாக்கி' கிட்டாரில் ஐந்து ஸ்ப்ரிங்குகளையும் மாட்டி, ஒரு மரத்துண்டையும் செருகி பிரிட்ஜை அசையாமல் நிறுத்தியிருந்தார். நீங்களும் செய்யலாம். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, ஸ்ப்ரிங்குகளைப் பிடித்திருக்கும் கொக்கியின் இரண்டு திருகாணிகளையும் சமமாக முறுக்குங்கள், பிரிட்ஜ் உடலோடு படியும்வரை. பிறகு பிரிட்ஜுக்கு அடியில் குழிக்குள் இறங்கும் உலோகக் கட்டைக்கும், கிட்டாரின் வால்பக்கம் இருக்கும் குழிச்சுவருக்கும் நடுவில் கடின மரத்துண்டு ஒன்றை இறுக்கமாகப் பொருத்துங்கள். கழுத்துப்பக்கம் வைத்தால் பயனில்லை. கம்பி இழுபடும்போது கட்டை நகர்வது வால்பக்கம்தான். மரம் தளர்வாக இருந்தால் சில ஸ்வரங்களுக்கு அதிர்ந்து கிர்ரென்று சத்தம் போடும். தட்டிச் செருகவேண்டிய அளவுக்கு இழைத்துக்கொள்ளுங்கள்.

'பிளாக்கி' வந்த கதையிலும் பெடல் ஸ்டீல் இருக்கிறது. 1970-ல் நாஷ்வில் நகரத்தில், பெடல் ஸ்டீல் தயாரிப்புக்குப் பேர்போன ஷோ-பட் நிறுவனத்தின் கடையில் கிளாப்டன் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை மலிவாக மொத்தமாக வாங்கினார். ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் மூவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். மிச்சமிருந்தவற்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து உருவானது அந்தக் கறுப்பு கிட்டார். எழுபதுகளில் பெரும்பாலும் அவர் கையில் இருந்தது அதுதான். 2004-ல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அது 9,59,500 டாலருக்குப் போனது.

அந்தத் தொனிக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை எதுவானாலும் சரி, ஸ்விட்சை பிரிட்ஜ் பிக்கப்புக்கும் நடு பிக்கப்புக்கும் (பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தம்) இடையிலான நிலையில் வையுங்கள். 15 முதல் 20 வாட் வால்வ் ஆம்ப் போதும். பலமாக மீட்டினால் மட்டும் லேசாகக் கரகரக்கும் இடம்வரை ஏற்றி, பிறகு கிட்டாரின் வால்யூமை 7-க்கு இறக்குங்கள். பிக்கப் உயரத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி அளந்தால், தடித்த கம்பிப் பக்கம் சுமார் 2 மி.மீ., மெல்லிய பக்கம் சுமார் 1.6 மி.மீ. இடைவெளி இருக்கவேண்டும். சத்தம் கூடட்டும் என்று பிக்கப்பைத் தூக்கினால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். தடித்த கம்பியின் மேல் ஃப்ரெட்டுகளில் ஒரே ஸ்வரம் இரட்டையாக அலைபாயும், எவ்வளவு சுருதி சேர்த்தாலும் சேராது.

'கொக்கெய்ன்' பாடலுக்கு நிறையப் பேச வேண்டியதில்லை. இ-யும் டி-யும் மாறிமாறி வரும் ஒரு ரிஃப், பல்லவியில் இ, டி, சி, பி என்று நாலு படி இறக்கம், அவ்வளவுதான். கேல் 1976-ல் 'ட்ருபடோர்' ஆல்பத்தில் பதிவு செய்ததோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். கேல் தன் குரலை வாத்தியங்களுக்குள் புதைத்துக்கொள்வார், கிளாப்டன் முன்னால் நிறுத்துகிறார்.

'வொண்டர்ஃபுல் டுநைட்' உலகமெங்கும் கல்யாண மேடைகளில் தேய்ந்துபோன பாட்டு. இருந்தாலும் அதன் கட்டுமானம் கன்ட்ரிப் பாட்டின் கட்டுமானம்: ஜி, எஃப் ஷார்ப்பை அடியில் வைத்த டி, சி, டி. அந்த இரண்டாவது கார்டில்தான் கைதவறுகிறது. வெறும் டி பிடித்தால் பாஸ் குரல் ஜி-யிலிருந்து தாண்டிக் குதிக்கும். ஆறாம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டைக் கட்டைவிரலால் மேலிருந்து பிடித்தால் ஜி, எஃப் ஷார்ப் என்று ஒரு படி இறங்கும். நடுப்பகுதியில் அடுத்து இ மைனர் வரும்போது அந்தப் படிகள் ஜி, எஃப் ஷார்ப், இ என்று முழுமையாகின்றன. கட்டைவிரல் எட்டாதவர்கள் டி கார்டின் முதல் கம்பியை விட்டுவிட்டு, நடுவிரலை ஆறாம் கம்பிக்குக் கொடுத்துவிடலாம். மெல்லிய பக்கத்தில் ஒரு ஸ்வரம் போவதில் நஷ்டமில்லை, இறங்கும் பாஸ் போனால் பாட்டே போய்விடும்.

இசைத்தட்டின் முதல் பக்கத்தை முடிக்கும் 'வீ ஆர் ஆல் தி வே' கன்ட்ரிப் பாடகர் டான் வில்லியம்ஸ் எழுதியது, இரண்டரை நிமிடம். இதில் கிளாப்டன் குரலை உயர்த்தவே இல்லை. இந்த ஆல்பத்தில் அவர் கன்ட்ரியை எவ்வளவு மதிப்போடு அணுகினார் என்பதற்கு எனக்கு இதுவே போதும். இரண்டாம் பக்கம் ஏறக்குறைய ஒன்பது நிமிட 'தி கோர்' பாடலில் மார்சி லெவியின் குரலோடும் சாக்ஸஃபோனோடும் சூடாகத் தொடங்குகிறது. பாடகர் ஜான் மார்ட்டினின் 'மே யூ நெவர்' இதமானது, ஆனால் மூலத்தின் கிட்டார் நுணுக்கம் இதில் இல்லை. 1942-ல் ஆர்தர் க்ரூடப் பதிவு செய்த 'மீன் ஓல்ட் ஃபிரிஸ்கோ' வரும்போது ஆல்பத்தின் ப்ளூஸ் கால் நன்றாக ஊன்றுகிறது.

இவ்வளவையும் தெளிவாகக் கேட்க முடிவது க்ளின் ஜான்ஸால். ஈகிள்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தை 1972-ல் இதே ஒலிம்பிக்கில் பதிவு செய்தவர் அவர். டிரம்ஸை மிகக் குறைந்த மைக்குகளில் பதிவது அவருடைய புகழ்பெற்ற முறை. வீட்டில் டிரம் பதிகிறவர்களுக்கும் அது கைகொடுக்கும். ஒரு மைக்கை ஸ்நேருக்கு (டிரம்மருக்கு முன்னால் உள்ள சின்ன டிரம்) நேர் மேலே சுமார் 1 மீட்டர் உயரத்தில் வையுங்கள். இரண்டாவதை ஃப்ளோர் டாமின் (தரையில் நிற்கும் பெரிய டிரம்) பக்கவாட்டில், அதன் விளிம்புக்குச் சற்று மேலே, ஹை-ஹாட்டைப் பார்த்தபடி வையுங்கள். காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கு ஒன்று, வேண்டுமானால் ஸ்நேருக்கு ஒன்று. இரண்டு பெரிய மைக்குகளும் ஸ்நேரின் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தொலைவில் இருக்கவேண்டும். நூலை ஸ்நேரின் நடுவில் பிடித்து அளந்துவிடுங்கள். 17 செ.மீ. வித்தியாசம் வந்தாலே ஒலி அரை மில்லிசெகண்ட் தாமதமாகி, இரண்டையும் சேர்க்கும்போது 1000 ஹெர்ட்ஸ் பகுதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்நேர் தகரடப்பா போல ஆகிவிடும். கலவையில் மேல் மைக்கைப் பாதி வலதுக்கும், பக்க மைக்கை முழு இடதுக்கும் தள்ளுங்கள். இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: டிரம்மர் தானே தன் வாத்தியங்களைச் சமமாக வாசிக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். சிம்பலை ஓங்கி அடிக்கும் கைக்குப் பின்னால் எந்த மிக்ஸராலும் போய் நிற்க முடியாது.

ஆல்பம் அமெரிக்காவில் இரண்டாம் இடம்வரை ஏறியது. முதலிடத்தை விடாமல் பிடித்திருந்தது 'சாட்டர்டே நைட் ஃபீவர்' திரைப்படத்தின் பாடல் ஆல்பம். அந்த ஆல்பத்தில் இவான் எலிமனின் பாடலும் உண்டு என்பது கேட்க இனிமையான செய்தி. 'லே டவுன் சாலி' பாப் பட்டியலில் மூன்றாம் இடத்தைப் பிடித்ததோடு நிற்காமல் கன்ட்ரி பட்டியலிலும் ஏறி 26-ஆம் இடத்தைத் தொட்டது. ஓர் ஆங்கிலேயரின் ப்ளூஸ் குழுவுக்கு அந்தக் கதவு சும்மா திறந்துவிடவில்லை.

துல்சாக்காரர்களின் பங்கு எவ்வளவு என்பதைக் காதாலேயே சோதித்துப் பார்க்கலாம். 1979-ல் கிளாப்டன் அந்தக் குழுவைக் கலைத்துவிட்டு, ஆங்கிலேய வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார். அவ்வருடம் டிசம்பரில் டோக்கியோவின் புடோக்கான் அரங்கில் பதிவான 'ஜஸ்ட் ஒன் நைட்' ஆல்பத்தில் 'லே டவுன் சாலி'யும் 'வொண்டர்ஃபுல் டுநைட்'டும் 'கொக்கெய்ன்'னும் இருக்கின்றன. இரண்டாவது கிட்டாரில் ஆல்பர்ட் லீ, கன்ட்ரி கிட்டாரில் ஆங்கிலேயர்களில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கிட்டார் வேலை ஸ்டுடியோ பதிவைவிட மின்னுகிறது, கன்ட்ரி வாசனையும் கூடுதல். ஆனால் 'லே டவுன் சாலி'யின் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டு, கிட்டாரை விட்டுவிட்டு ஹை-ஹாட்டையும் பாஸையும் மட்டும் பின்தொடருங்கள். டோக்கியோவில் தட்டு முன்னால் சாய்ந்து பாட்டை உந்துகிறது. லண்டனில் ஓல்டேக்கரும் ரேடிலும் அதைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள், கிட்டார்கள் அந்த இடைவெளிக்குள் வந்து உட்காருகின்றன.